கொசுவின் கையெழுத்து

இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பவளுக்கு ஒரு பிள்ளையின் கையெழுத்தைப் போடுவது பெரிய வித்தையே இல்லை. யாருடைய வரி மேலே ஏறும், யாருடையது கீழே சரியும், யார் நான்காவது வரியில் அலுத்துப்போய் எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தை ஒப்பேற்றப் பார்ப்பார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. பெயர் எழுத மறந்த விடைத்தாளை எட்ட இருந்து பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. எப்படி இந்தக் குழியில் விழுந்தேன் என்று சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் ஐந்தாம் வகுப்புக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பள்ளியின் ஐந்தாம் வகுப்புக்கும் கடிதப் பரிமாற்றம் என்று ஏற்பாடானது. யோசனை தலைமையாசிரியருடையது, வேலை என்னுடையது. எங்கள் பள்ளியில் எல்லா யோசனைகளும் அப்படித்தான். இங்கே முப்பத்திரண்டு பேர், அங்கே முப்பத்திரண்டு பேர், ஆளுக்கொரு சிநேகிதர். அவர்கள் மொழி எங்களுக்குத் தெரியாது, எங்கள் மொழி அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பள்ளியிலும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற மூன்றாவது ஒரு மொழியில் இரண்டு பக்கமும் தத்தக்கா பித்தக்கா என்று எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகள் முதலில் ரஃப் நோட்டில் எழுதுவார்கள். நான் சிவப்பு மையில் திருத்துவேன். அதைப் பார்த்து நல்ல தாளில் எழுதித் தருவார்கள். அந்தப் பள்ளியில் திருத்துவதெல்லாம் இல்லை, பிள்ளைகள் எழுதி ஒட்டித் தந்ததை ஆசிரியர் அப்படியே அனுப்பிவிடுவார். எல்லாவற்றையும் ஒரே பெரிய உறையில் போட்டு அனுப்பினால் போய்ச் சேர ஐந்து வாரம், பதில் வர ஐந்து வாரம்.

முதல் கட்டு வந்தபோது அதில் முப்பத்தொரு கடிதம்தான் இருந்தது. எங்கள் வகுப்பில் 'பூட்டு' என்று ஒருவன் இருக்கிறான். வாயைத் திறக்கவே மாட்டான், அதனால் அந்தப் பெயர். அவனுடைய சிநேகிதனுக்கு அங்கே அம்மை போட்டிருந்ததாம், எழுதவில்லை. நான் பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்து முடித்த பிறகும் அவன் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.

"அடுத்த தடவை உனக்கு ரெண்டா வரும்டா" என்றேன்.

"பரவால்ல மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் படித்துச் சிரித்துக்கொண்டிருந்த அரைமணி நேரமும் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான். முழுப் பென்சில் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது. இனிமேல் எந்தப் பக்கத்திலும் ஒரு பிள்ளை கையை நீட்டியபடி நிற்கக் கூடாது என்று அன்றைக்கே எனக்குள் முடிவு செய்துகொண்டேன். நல்ல எண்ணம்தான். என் தொல்லைகள் எல்லாமே நல்ல எண்ணத்தில்தான் தொடங்கும்.

கொசு என்பவள் முன் பெஞ்சில் இருந்தவள். ஆள் அரையடி, வாய் ஆறடி. காதோரம் வந்து நொய் நொய்யென்று பேசிக்கொண்டே இருப்பதால் வகுப்பே வைத்த பெயர். அவளே அதைத்தான் கடிதத்தின் கீழும் போட்டாள். அவளுக்கு வாய்த்த சிநேகிதியும் சளைத்தவள் இல்லை. வட்டக் கண்ணாடி போட்டிருப்பாளாம், தன்னை எல்லோரும் ஆந்தை என்று கூப்பிடுவார்கள் என்று எழுதி, கீழே ஓர் ஆந்தையும் வரைந்திருந்தாள். 'ஆந்தை கொசுவைத் தின்னுமா என்று எங்கள் ஆசிரியரிடம் கேட்டேன், தெரியாது என்றார், ஆகவே பயப்படாதே' என்பது அவளுடைய முதல் கடிதம். இரண்டு கட்டு இப்படியே போனது.

மூன்றாவது கட்டுக்குப் பிள்ளைகள் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த வாரம், கொசுவின் அப்பா வந்து நின்றார். பாலம் கட்டும் கம்பெனியில் மேஸ்திரி. ஒரு பாலம் முடிந்தால் குடும்பத்தைக் கட்டிக்கொண்டு அடுத்த பாலத்துக்குப் போகிறவர்.

"நாளைக்கே கெளம்பறோம் டீச்சர். அங்க போயி வீடு பாத்துட்டு விலாசம் சொல்றேன்" என்றார். இன்று வரை சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தலையில் எத்தனை மூட்டை முடிச்சோ.

கொசு மட்டும் வாசலில் நின்று கேட்டாள். "மிஸ், ஆந்தைக்கு இனிமே யாரு எழுதுவா?"

"நான் பாத்துக்கறேன், நீ போ."

அவளுடைய ரஃப் நோட்டு மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. பாதிக் கடிதம் எழுதியிருந்தாள். மிச்சப் பாதியை நான் எழுதி முடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. 'கொசு வேறு ஊருக்குப் போய்விட்டாள்' என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வரியோடு அங்கே ஒரு பிள்ளை கையை நீட்டியபடி நிற்கும். அடுத்த கட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். மேலே ஏறுகிற வரி, குண்டு எழுத்து, அவள் வழக்கமாகச் செய்கிற நான்கு பிழைகள், அவற்றில் ஒன்றை அடித்துத் திருத்திய அடையாளம், எல்லாம் அச்சு அசலாக வந்தது. எழுதி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. உடனே அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை மாதிரி எழுதுவதில் ஒரு குஷி இருக்கிறது, அது யாருக்கும் இருக்கும்.

என் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். விஷயம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்தவங்க கையெழுத்தப் போட்டா எங்க ஆபீஸ்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்க ஸ்கூல்ல என்ன, பரிசு குடுப்பாங்களா?"

"ஒரு சின்னப் பொண்ணுக்கு லெட்டர் எழுதறேன். கொலையா பண்றேன்?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று ஒதுங்கிக்கொண்டார். ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம் என்று இப்போது அவர்மேல் எரிச்சல் வருகிறது. நியாயம் இல்லைதான்.

நான் எழுதிய கடிதத்துக்கு வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. ஆந்தை வரையப்படவில்லை.

'உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ தூரத்தில் இருக்கிறாய், அதனால் சொல்லலாம். என் அம்மா படுக்கையைவிட்டு எழுந்திருப்பதில்லை. காய்ச்சல் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நான் சமைக்கிறேன். பள்ளி நோட்டில் அம்மா மாதிரி கையெழுத்துப் போடுகிறேன். தம்பிக்கு ஐந்து வயது. யார் கேட்டாலும் அம்மா தூங்குகிறார் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெரியவர்களுக்குத் தெரிந்தால் என்னை ஒரு வீட்டுக்கும் அவனை ஒரு வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளை அப்படித்தான் செய்தார்கள். இது தெரிந்தவர்கள் நீ, நான், தம்பி மூன்று பேர்தான்.'

ஆசிரியர் அறையில் உட்கார்ந்துதான் படித்தேன். பக்கத்தில் கணக்கு டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். வேண்டாம் என்றேன். பெரியவர்கள் யாருக்கும் சொல்லாதே என்று ஒரு குழந்தை சொல்கிற கடிதத்தை நாற்பத்தைந்து வயதில், நரைத்த தலையோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லி விலகவும் முடியாது. இப்போது விலகினால் அவள் சொன்ன ரகசியத்துக்குப் பயந்து சிநேகிதி ஓடிவிட்டதாக நினைப்பாள். கொசுவாகவே பதில் எழுதினேன். அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வை, உங்கள் ஆசிரியர் நல்லவர் என்றாயே, அவரிடம் சொல்லிப் பார் என்று. கொசு அப்படியெல்லாம் புத்தி சொல்கிற பிள்ளையே இல்லை. எழுதும்போதே அது தெரிந்தது.

அடுத்த கட்டு ஒரு திங்கட்கிழமை வந்தது.

'ஆசிரியரிடம் சொல்ல மாட்டேன். அவரும் பெரியவர்தான். தம்பியின் கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. முழங்கை வரை. பற்பசை தடவி துணி சுற்றினேன். ஆறு நாள் ஆகிறது. துணியை எடுத்தால் தோலும் சேர்ந்து வருகிறது, நாற்றம் அடிக்கிறது. இரவில் அவன் உடம்பு சுடுகிறது. உங்கள் ஊரில் இதற்கு என்ன போடுவார்கள்?'

ஆறு நாள் என்று அவள் எழுதி ஐந்து வாரம் ஆகிவிட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன். வெளிநாட்டுக்குப் பேசக்கூடிய தொலைபேசி அங்கேதான் இருக்கிறது. அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் படித்தார்.

"டீச்சர், அது அவங்க ஊரு, அவங்க புள்ள. நாம போயி என்ன பண்ண முடியும்?"

"போன் பண்ண முடியும் சார்."

"இது கொசுங்கற பொண்ணுக்கு வந்த லெட்டரு. அந்தப் பொண்ணுதான் நம்ம ஸ்கூல்லயே இல்லையே. அப்ப யாரு எழுதினதுன்னு கேட்டா?"

பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை, எனக்குத் தெரிந்தும் எதுவும் நடக்கவில்லை என்கிற மாதிரி ஒரு நடை.

அந்தப் பள்ளி ஆசிரியரிடம் அன்றுதான் முதல்முதலாகப் பேசினேன். மென்மையான குரல். எங்கள் பிள்ளைகளுக்கு இருந்த அதே அரைகுறை மொழிதான் எங்கள் இருவருக்கும். அம்மா, படுக்கை, தம்பி, கை, வெந்நீர் என்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தேன். அவர் "ஐயோ" என்பது போல ஏதோ அவர்கள் மொழியில் சொன்னார். பிறகு கேட்டார்: "உங்கள் மாணவி இதைப் படித்துப் பயந்துபோயிருப்பாளே? அவள் எப்படி இருக்கிறாள்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது பிள்ளைகளுக்கு வருவதைவிடப் பெரியவர்களுக்கு மோசமாக வரும். "பரவாயில்லை, நன்றாக இருக்கிறாள்" என்றேன். அதோடு நிறுத்தாமல், "கடிதம் மூலமாகத்தான் தெரிந்தது என்று அந்தப் பெண்ணிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள்" என்றும் கேட்டுக்கொண்டேன்.

"சொல்லவே மாட்டேன். உங்கள் மாணவியின் மனம் நோகக் கூடாது. புரிகிறது" என்றார் அந்த நல்ல மனிதர். யாருடைய மனம் நோகக் கூடாது என்று நான் கேட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அதன்பின் வந்த கட்டில் முப்பத்தொரு கடிதம். கூடவே ஆசிரியரின் குறிப்பு. பையனின் கை பிழைத்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் கையையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். தாய் மருத்துவமனையில் இருக்கிறார். ஆந்தையை ஒரு வீட்டிலும் தம்பியை வேறு ஊரில் ஒரு வீட்டிலும் வைத்திருக்கிறார்கள், இரண்டு பேரையும் சேர்த்து ஏற்க யாரும் முன்வரவில்லை. அவளுக்கு வேறு பள்ளி. புது விலாசத்தைக் குழந்தைகள் நல அலுவலர்கள் தனக்குத் தர மாட்டார்கள். 'உங்களால் ஒரு குழந்தையின் கை காப்பாற்றப்பட்டது' என்று முடித்திருந்தார். வீட்டுக்காரரிடம் காட்டினேன். "நல்லதுதானே பண்ணியிருக்க, அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். நல்லதுதான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு தனி உறையில் ஒரு கடிதம் வந்தது. பள்ளி விலாசம், மேலே கொசுவின் பெயர். பழைய கடிதங்களில் இருந்து விலாசத்தைப் பார்த்து அவளே எழுதி, அவளே தபால்தலை ஒட்டியிருக்கிறாள். உறையின் பின்பக்கம் அவளுடைய புது விலாசம்.

'நான் நினைத்தது போலவே செய்துவிட்டார்கள். தம்பியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம், இரண்டு மணி நேரம். யார் சொன்னது என்று கேட்டேன். சொல்ல மாட்டோம் என்கிறார்கள். தெரிந்தவர்கள் நீ, நான், தம்பி. நான் சொல்லவில்லை. நீ சொன்னாயா? இல்லை என்று எழுதினால் நம்புவேன். பதிலே எழுதாவிட்டால் நீதான் என்று எடுத்துக்கொள்வேன். இங்கே எனக்கு யாரையும் தெரியாது.'

நான்கு நாள் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கொசுவின் பெயரில் ஆமாம் என்று எழுதினால், செய்யாத குற்றத்தை எங்கோ ஒரு பாலத்தடியில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைமேல் போடுகிறேன். என் பெயரில் உண்மையை எழுதினால், அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சிநேகிதி எட்டு மாதமாக ஆளே இல்லை என்று ஆகிறது. எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு பதில்.

"நீ ஏன் சொன்னேன்னு சொல்லிடேன்" என்றார் வீட்டுக்காரர். "கை போயிருக்கும்ல?"

"அவளுக்குப் பத்து வயசு. தம்பி பக்கத்துல இல்லங்கறதுதான் அவளுக்குத் தெரியும்."

"அப்ப இல்லன்னே எழுது. யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு சிநேகிதியாவது இருக்கட்டும்."

அவர்மேல் பழியைப் போடவில்லை. நான் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது நாள் பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பறையில், முன் பெஞ்சில் போய் உட்கார்ந்து எழுதினேன். வரி மேலே ஏற ஏற எழுதினேன். 'நான் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியம். நான் எப்போதும் உன் சிநேகிதி.' கூடவே ஒரு கொசுவும் வரைந்தேன். திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

பதில் சரியாகப் பத்து வாரத்தில் வந்தது. பழையபடி கீழே ஆந்தை இருந்தது. அதைப் பார்த்ததும் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். உறையைக் கிழித்த இடத்திலேயே, தாழ்வாரத்தில் நின்றபடி படித்தேன்.

'எனக்குத் தெரியும். நீ சொல்லியிருக்க மாட்டாய். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடு. அப்படியானால் அவன்தான் சொல்லியிருக்கிறான். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தேன். கை வலிக்கிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டான். கேட்டால் இல்லவே இல்லை என்று அழுகிறான், பொய் சொல்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் பேசவில்லை. இரண்டு மணி நேரமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு நீ மட்டும் போதும்.'

மணி அடித்தது. பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். 'போன ஞாயிற்றுக்கிழமை' என்று அவள் எழுதியதற்குப் பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன என்று கணக்குப் போட்டேன். கை நிறையத் தழும்போடு ஒரு ஐந்து வயதுப் பையன், தான் சொல்லாத ஒன்றைச் சொல்லவில்லை என்று அழுதுகொண்டிருக்கிறான். உலகத்தில் அவனை நம்ப வேண்டியவள் ஒருத்திதான். அவள் நம்பாமல் போனதற்குக் காரணம் என் சத்தியம்.

தலைமையாசிரியரைக் கேட்காமலே தொலைபேசியை எடுத்தேன். அந்த ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார், இந்த முறை எல்லாவற்றையும். கொசு இல்லை, நான்தான் என்பதையும் சொன்னேன். ஆந்தையின் புது விலாசத்தை எழுதிக்கொண்டு, "அலுவலர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் நான் இப்போது அவளுடைய ஆசிரியர் இல்லை, என்னை உள்ளே விடுவார்களா தெரியாது" என்றார். குரலில் அந்த மென்மை இல்லை. அதை எதிர்பார்க்கும் தகுதியும் எனக்கு இல்லை.

அன்று மாலையே என் கையெழுத்தில் அவளுக்கு எழுதினேன். 'உன் தம்பி சொல்லவில்லை. நான் சொன்னேன்' என்று முதல் வரியிலேயே போட்டேன். நான் யார் என்பது இரண்டாவது வரி. தபாலாபீஸ் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் இதைவிடச் சீக்கிரம் போகிற வழி இல்லையா என்று கேட்டேன்.

"எதுல போட்டாலும் அங்க போனப்பறம் அவங்க கையிலதாங்க" என்றாள் அவள்.

இதெல்லாம் நடந்து நான்கு மாதம் ஆகிறது. அந்த ஆசிரியர் அவளைப் பார்க்க இரண்டு முறை போயிருக்கிறார், வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் கடிதம் திரும்பி வரவும் இல்லை, பதிலும் இல்லை. ஆனால் போன வாரம் ஆந்தையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, எனக்கு இல்லை, கொசுவுக்கு.

'உன் டீச்சர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நீ இல்லவே இல்லையாம், எல்லாம் அவர் எழுதியதாம், அவர்தான் சொன்னாராம். தம்பிக்காக என்னைச் சமாதானப்படுத்த யாரோ அவரிடம் இப்படி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்கள் இப்படித்தான். நான் நம்பவில்லை. கையெழுத்து உன்னுடையது மாதிரியே இல்லை.'